வேகம் வேறு, வெப்பம் வேறு: உலோக ஹைட்ரைடு ஆய்வுக்கான கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், அறிவியல் தொழில்நுட்பத் துறை, தமிழ்நாடு அரசு, பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், இந்த ஆய்வுகளுக்கெல்லாம் வரி கட்டும் பொதுமக்கள் ஆகியோர் முன் வைக்கப்படுவது.

நாங்கள் யார்

நாங்கள் பொடி அரைப்பவர்கள். ஹைட்ரஜனை உலோகத்துக்குள் சேமித்து வைக்க வழி தேடும் ஆய்வு மாணவர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், வகுப்பும் எடுத்து ஆய்வையும் வழிநடத்தும் ஆசிரியர்கள், அழுத்தக் கலன் செய்து தரும் சிறு பட்டறைக்காரர்கள் சேர்ந்து இச்சாசனத்தை எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஒரு நாள் வேலை இப்படி இருக்கும். ஆர்கான் வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் தோள் வரை ரப்பர் கையுறை நீண்டிருக்கும். அதற்குள் கையை விட்டு மக்னீசியம் ஹைட்ரைடுப் பொடியை இரண்டு கிராம் எடை போட வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. பொடியின் மேல் ஒரு சிட்டிகை நியோபியம் ஆக்சைடோ டைட்டானியமோ சேர்ப்போம். எஃகுக் குடுவையில் எஃகுக் குண்டுகளோடு சேர்த்து மூடி, குண்டு அரைவை எந்திரத்தில் (பால் மில்) மாட்டினால் பத்து மணி நேரம், சில நேரம் இருபது மணி நேரம் சுற்றும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல அறை முழுக்கச் சத்தம். மறுநாள் அதே பெட்டிக்குள் வைத்துத் திறந்தால் சாம்பல் நிறப் பொடி இன்னும் கறுத்திருக்கும். அதை அளவுக் கருவிக்கு மாற்றி 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அழுத்தமானியில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த எண் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில்தான் எங்கள் முனைவர் பட்டம் இருக்கிறது.

அந்த எண்ணைப் பற்றி ஊருக்குச் சொல்லப்படுவதில் பாதிதான் வெளியே வருகிறது. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும் என்பதே இச்சாசனத்தின் அடிநாதம்.

பின்னணி

ஹைட்ரஜன் எடையில் சிறிது, இடத்தில் பெரிது. ஒரு கிலோ ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் 11,000 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். 700 மடங்கு வளி அழுத்தத்தில் அமுக்கினால் ஒரு லிட்டரில் சுமார் 40 கிராம் அடங்கும். மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் 71 கிராம். மக்னீசியம் ஹைட்ரைடு என்னும் திண்மத்தில் ஒரு லிட்டர் பருமனுக்குள் சுமார் 110 கிராம் இருக்கிறது. திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட அதிக ஹைட்ரஜன் ஒரு கல்லுக்குள் உறங்குகிறது. பல்லேடியம் தன் பருமனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சுவதை தாமஸ் கிரகாம் 1866-லேயே கண்டு சொன்னார்.

உறங்குவதை உள்ளே அனுப்புவதும் எழுப்புவதும்தான் பாடு. ஹைட்ரஜன் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். உலோகத்தின் வாசலோ ஒற்றை ஆள் நுழையும் திட்டிவாசல். ஜோடியைப் பிரித்தால்தான் ஒவ்வொன்றாக உள்ளே போகும். மக்னீசியத்தின் மேற்பரப்புக்கு அப்படிப் பிரிக்கும் திறமை குறைவு. போதாக்குறைக்கு, கொஞ்சம் காற்றுப் பட்டாலும் ஆக்சைடுப் படலம் படர்ந்து வாசலை அடைத்துவிடும். இங்கேதான் டைட்டானியம், வனேடியம், நிக்கல், நியோபியம் போன்ற இடைநிலை உலோகங்கள் கைகொடுக்கின்றன. அவற்றின் டி-ஆர்பிட்டால் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் ஜோடியின் பிணைப்பைத் தளர்த்திப் பிரித்துவிடுகின்றன. பிரிந்த அணுக்கள் பக்கத்து மக்னீசியத்துக்குள் இறங்குகின்றன. இதிலும் ஒரு நெளிவு உண்டு. பிரிப்பதில் டைட்டானியம் கெட்டிக்காரன், ஆனால் பிரித்த அணுவை விடாமல் பிடித்துக்கொள்வான். நிக்கல் ஓரளவு பிரித்து, ஓரளவு விட்டுக்கொடுப்பான். நல்ல வினையூக்கி என்பது இரண்டும் தெரிந்த ஆள்.

இத்துறையில் நடந்த நல்ல வேலைகளை நாங்கள் மறைக்கவில்லை. 1997-ல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் போக்டனோவிச்சும் ஷ்விக்கார்டியும் சோடியம் அலனேட் என்னும் ஹைட்ரைடில் கொஞ்சம் டைட்டானியம் சேர்த்தார்கள். ஒருமுறை ஹைட்ரஜனை விட்டால் எளிதில் திரும்ப ஏற்காது என்று ஒதுக்கப்பட்டிருந்த பொருள், விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1999-ல் கனடாவின் கியூபெக்கில் ஒரு குழு மக்னீசியம் ஹைட்ரைடோடு டைட்டானியம், வனேடியம், மாங்கனீசு, இரும்பு, நிக்கல் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்து அரைத்து ஒப்பிட்டது. 2003-ல் ஜெர்மனியின் கீஸ்ட்ஹாக்ட் ஆய்வகத்தில், மிகக் கொஞ்சம் நியோபியம் ஆக்சைடு சேர்த்த மக்னீசியம் 300 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தன் எடையில் 7 சதவீத ஹைட்ரஜனை உறிஞ்சியது. நம் நாட்டில், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவாவின் குழு, ஹைட்ரைடில் சேமித்த ஹைட்ரஜனால் மோட்டார் சைக்கிளையும் மூன்று சக்கர வண்டியையும் ஓட்டிக் காட்டியது. சென்னை ஐஐடியில் ஹைட்ரைடுக் கலன்களின் வெப்பப் பரிமாற்றம் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது.

ஆக, அறிவு இருக்கிறது. அந்த அறிவைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் எங்களுக்குக் கேள்விகள்.

முதல் பகுதி: அளவும் உண்மையும்

கோரிக்கை 1. வேகத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வந்தபின் வண்டிகள் வரிசையில் நிற்பது குறைந்தது. சுங்கத் தொகை குறைந்ததா? இல்லை. வினையூக்கியின் கதையும் இதுவே. வினை தொடங்கத் தேவையான கிளர்வு ஆற்றலை அது குறைக்கும், காத்திருப்பைச் சுருக்கும். பிணைப்பை உடைக்கக் கட்ட வேண்டிய வெப்பத்தில் ஒரு பைசா குறைக்காது.

மக்னீசியம் ஹைட்ரைடு ஒரு மோல் ஹைட்ரஜனை விடுவிக்க சுமார் 75 கிலோஜூல் வெப்பம் கேட்கிறது. அதே ஒரு மோல் ஹைட்ரஜனை எரித்தால் நமக்குக் கிடைப்பது 242 கிலோஜூல். நூற்றுக்கு 31 பங்கு சுங்கமாகவே போய்விடுகிறது. ஒரு வளி அழுத்தத்திலாவது ஹைட்ரஜன் வெளியே வர வேண்டுமென்றால் 280 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை தேவை. எவ்வளவு அருமையான வினையூக்கி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

கணக்கை மாற்றக் கலப்புலோகம் செய்யலாம். மக்னீசியத்தோடு நிக்கலைக் கலந்து மக்னீசியம்-நிக்கல் சேர்மமாக்கினால் சுங்கம் 64 கிலோஜூல் அளவுக்கு இறங்கும். ஆனால் 7.6 சதவீதமாக இருந்த கொள்ளளவு 3.6 சதவீதமாகிவிடும். சுங்கம் குறைந்தது, சுமையும் பாதியானது.

எனவே அரசு நிதியில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வின் அறிக்கையிலும் செய்திக் குறிப்பிலும் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்: கிளர்வு ஆற்றல் எவ்வளவு குறைந்தது, என்தால்பி, அதாவது மேலே சுங்கம் என்று சொன்ன அந்த வெப்பம், எவ்வளவு மாறியது. இரண்டாவது எண் மாறவில்லையென்றால் "மாறவில்லை" என்று எழுத வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோரிக்கை 2. எடைச் சதவீதத்தில் எல்லா எடையும் சேர வேண்டும்.

பத்துப் பங்கில் ஒரு பங்கு வினையூக்கி சேர்த்தால், அந்த வினையூக்கி தான் ஹைட்ரஜனைச் சுமக்காதவரை, 7.6 சதவீதம் 6.8 ஆக இறங்கும். அதைத் தாங்க எஃகுக் கலன் வேண்டும். வெப்பத்தைக் கொடுக்கவும் எடுக்கவும் குழாய்களும் தகடுகளும் வேண்டும். எல்லாம் சேர்த்து எடை போட்டால் எண் இன்னும் சரியும். அமெரிக்க எரிசக்தித் துறை தன் இலக்கை முழு அமைப்பின் எடைக்குத்தான் வைக்கிறது. 2020-க்கு 4.5 சதவீதம், 2025-க்கு 5.5, இறுதியாக 6.5. நம் ஊரில் வெறும் பொடியின் எண்ணை எடுத்து அந்த இலக்கோடு ஒப்பிட்டு "இலக்கைத் தாண்டினோம்" என்று எழுதும் பழக்கம் நிற்க வேண்டும். பொடியின் எண், வினையூக்கி சேர்ந்த எண், கலனோடு சேர்ந்த எண் என மூன்றும் கேட்கப்பட வேண்டும். கலன் இன்னும் செய்யப்படவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

கோரிக்கை 3. சரிபார்க்க ஒரு பொது அளவீட்டு மையம் வேண்டும்.

1999-ல் லித்தியமும் பொட்டாசியமும் சேர்த்த கார்பன் நானோகுழாய்கள் தம் எடையில் 20, 14 சதவீத ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன என்று புகழ்பெற்ற இதழ் ஒன்றில் ஆய்வுக் கட்டுரை வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே இன்னோர் ஆய்வாளர் அதே சோதனையைச் செய்து பார்த்து, எடை கூடியதற்கு வாயுவில் இருந்த ஈரப்பதமே பெரும் காரணம் என்று காட்டினார். குழாய்கள் பிடித்தது தண்ணீரை.

இரண்டு கிராம் பொடியை வைத்து அழுத்த மாற்றத்தை அளக்கும்போது அறை வெப்பநிலை ஒரு டிகிரி நகர்ந்தாலும் முடிவு தடம்மாறும். இது எங்களுக்குத் தெரியும், எங்கள் கட்டுரையைத் திருத்துபவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரே ஆய்வகத்தின் ஒரே கருவியின் எண்ணை வைத்தே அடுத்த நிதி முடிவாகிறது. ஐந்து சதவீதத்துக்கு மேல் சேமிப்பதாகச் சொல்லும் எந்தப் பொருளையும் இன்னோர் இடத்தில், பெயர் மறைத்து, அளந்து பார்க்க ஒரு தேசிய மையம் வேண்டும். கட்டணம் மாணவர்கள் தாங்கும் அளவில் இருக்க வேண்டும்.

கோரிக்கை 4. முதல் நாள் எண்ணை மட்டும் கேட்காதீர்கள்.

ஹைட்ரஜன் உள்ளே போகும்போது, அதைச் சேமிக்கும் இன்னொரு கலப்புலோகமான லந்தனம்-நிக்கல் ஏறக்குறைய கால்பங்கு உப்புகிறது. மக்னீசியம் இன்னும் கூடுதலாக, சுமார் மூன்றில் ஒரு பங்கு. வெளியே வந்ததும் சுருங்குகிறது. நூறு தடவை உப்பிச் சுருங்கினால் துகள் நொறுங்கி மாவாகும். மாவு கலனின் அடியில் போய் இறுகும், கலனின் சுவரையே பிதுக்கும். வினையூக்கித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துத் தம் திறனை இழக்கும். மின்பகுப்பிலிருந்து வரும் ஹைட்ரஜனில் ஈரமும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டு வரும். நாங்களோ உயர்தூய்மை வாயுவில் ஐந்தாறு சுழற்சி பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதுகிறோம். குறைந்தது 500 சுழற்சி, அதில் ஒரு பகுதி தூய்மை குறைந்த வாயுவில் என்பதை நிதி பெறும் திட்டங்களுக்கு விதியாக்குங்கள். அதற்கான காலத்தையும் கொடுங்கள். ஒரு சுழற்சிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலே 500 சுழற்சிக்கு மூன்று வாரம் கருவி ஓயாமல் ஓட வேண்டும்.

இரண்டாம் பகுதி: எங்கே எது

கோரிக்கை 5. ஓடாத இடத்தில் முதலில் தொடங்குங்கள்.

இத்துறை ஆய்வு பெரும்பாலும் கார் டேங்க்கைச் சுற்றியே வந்தது. காருக்கு எடை முக்கியம், நிரப்பும் நேரமும் முக்கியம். ஐந்து கிலோ ஹைட்ரஜனை மக்னீசியத்தில் ஐந்து நிமிடத்தில் ஏற்றினால் சுமார் 186 மெகாஜூல் வெப்பம் வெளியே கொட்டும். நொடிக்கணக்கில் பார்த்தால் 600 கிலோவாட்டுக்கு மேல். வீட்டு கீசர் முந்நூறை ஒன்றாகப் போட்டது போல. பெட்ரோல் பங்கில் நிற்கும் காருக்குள் இவ்வளவு வெப்பத்தையும் எந்தக் குழாய் வாங்கிக்கொள்ளும்? வினையூக்கி வேகத்தைக் கூட்டக் கூட்ட இந்தச் சிக்கல் பெரிதாகுமே தவிரக் குறையாது.

இப்போது தூத்துக்குடிக்கு வாருங்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் திறனுள்ள பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின் வாகனச் சார்ஜிங்குக்கும் என்று சொல்லப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் என்றால் எடையில் 900 கிராம். வெயில் காயும் பத்து மணி நேரம் ஓடினால் 9 கிலோ, பருமனில் ஒரு லட்சம் லிட்டர். இதை இரும்பு-டைட்டானியம் கலப்புலோகத்தில் சேமித்தால், பயன்படும் கொள்ளளவு 1.5 சதவீதம் என்று வைத்தாலும் 600 கிலோ உலோகம் போதும். 200 லிட்டர் டிரம் இரண்டில் அடங்கிவிடும். காருக்கு 600 கிலோ கூடுதல் சுமை பெரும் தண்டனை. தெருவிளக்கு எங்கே ஓடப்போகிறது?

எடை ஒரு குறையாகாத இடத்தில் ஹைட்ரைடு ஏற்கெனவே வேலை செய்கிறது. ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் எரிபொருள் கலத்துக்கான ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடில்தான் சுமக்கின்றன. முழுக வேண்டிய கப்பலுக்கு எடை ஒரு பாரமில்லை.

துறைமுகம், கிராமத் துணை மின்நிலையம், தொலைபேசிக் கோபுரம், மருத்துவமனையின் மாற்று மின்சாரம் என நிலையான இடங்களில் குறைந்தது ஐந்து ஹைட்ரைடுச் சேமிப்பு முன்னோடித் திட்டங்களை மூன்று ஆண்டுக்குள் நிறுவக் கோருகிறோம். அவற்றில் ஒன்று தூத்துக்குடியில் அமைய வேண்டும்.

கோரிக்கை 6. வெப்பம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள்.

இரும்பு-டைட்டானியம் ஒரு மோலுக்குக் கேட்பது 28 கிலோஜூல்தான். 60, 70 டிகிரியில் ஓடும் எரிபொருள் கலம் வீணாக்கும் வெப்பமே அதற்குப் போதும். மக்னீசியத்துக்கு அது பற்றாது. 700 டிகிரி அளவில் ஓடும் திண்ம ஆக்சைடுக் கலம், உருக்காலை, கண்ணாடி உலை போன்ற இடங்களில் வீணாகும் வெப்பம்தான் அதற்குப் பொருந்தும். இரண்டும் இரண்டு வேலைக்கான பொருள்கள். ஒவ்வொரு திட்ட முன்மொழிவின் முதல் பக்கத்திலும் "இந்தப் பொருளுக்கான வெப்பம் எங்கிருந்து வருகிறது, எத்தனை டிகிரியில்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்து வேண்டாம்.

மூன்றாம் பகுதி: மண்ணும் மக்களும்

கோரிக்கை 7. நம்மிடம் இருக்கும் உலோகத்திலிருந்து தொடங்குங்கள்.

பல்லேடியம் சிறந்த வினையூக்கி. அதை நகைக்கடையில்தான் பார்க்கலாம். நியோபியம் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிரேசிலில் இருந்து வருகிறது. மக்னீசியத்தில் பெரும்பகுதி சீனாவில் ஆகிறது. ஒரு சிட்டிகைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதலாம், டன் கணக்கில் சேமிப்புக் கட்ட முடியாது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? சேலத்தில் வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மாக்னசைட் கனிமம் இருக்கிறது. அதை உலைச் செங்கலுக்குத்தான் அதிகம் அனுப்புகிறோம். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரை மணலில் இல்மனைட் வடிவில் டைட்டானியம் இருக்கிறது. சவறாவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலையும் இருக்கிறது. இரும்புக்கும் மாங்கனீசுக்கும் நாட்டில் பஞ்சமில்லை. இரும்பு-டைட்டானியத்தில் கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால், முதல்முறை ஹைட்ரஜனை ஏற்க அது பிடிக்கும் அடம் வெகுவாகத் தளர்கிறது என்பது நன்கு தெரிந்த சங்கதி.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழும்ப அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-ல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகம் மக்னீசியத்தை மின்பகுப்பில் பிரிப்பதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. வெள்ளைக்கல்லும் கசப்பு நீரும் அந்த அறிவும் ஒரே மாநிலத்தில் இருந்தும் ஒரே மேசைக்கு வரவில்லை. இவற்றை இணைக்கும் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு முன்னெடுக்க வேண்டும்.

கோரிக்கை 8. கரையோர மக்களைக் கேட்காமல் மணலைத் தொடாதீர்கள்.

மேலே சொன்ன மணலுக்கு மேல் மனிதர்கள் வாழ்கிறார்கள். அதில் இல்மனைட்டோடு தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. கதிர்வீச்சு, கடலரிப்பு, நோய் பற்றிக் குமரி மாவட்ட மீனவ மக்கள் எழுப்பும் கேள்விகள் இன்று நேற்று எழுந்தவை அல்ல. பசுமை என்ற பெயரை எங்கள் ஆய்வுக்குச் சூட்டி, அந்தப் பெயரைக் காட்டி அவர்கள் கரையைத் தோண்டுவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். ஏற்கெனவே எடுத்து வைத்த கனிமமும் பழைய டைட்டானிய, நிக்கல் கழிவுகளும் முதலில் பயன்படட்டும். புதிய சுரங்கம் எதுவானாலும் உண்மையான கிராம சபை ஒப்புதலும், சுயாதீனமான நலவாழ்வு ஆய்வும் முன் நிபந்தனையாக வேண்டும்.

நான்காம் பகுதி: ஆய்வகமும் உழைப்பும்

கோரிக்கை 9. பொடி அரைப்பவரின் உயிரும் கணக்கில் வர வேண்டும்.

நன்கு அரைத்த மக்னீசியப் பொடி காற்றில் தானே பற்றிக்கொள்ளும். பற்றியபின் தண்ணீர் ஊற்றினால் அது ஹைட்ரஜனைக் கிளப்பி இன்னும் எரியும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது. மக்னீசியம் அந்த வாயுவோடும் வினைபுரியும். சோடியம் அலனேட்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிக்கல், கோபால்ட் பொடிகள் நுரையீரலுக்கு ஆகாதவை.

எங்களில் ஒருவர் ஓர் இரவு, பெட்டிக்குள் ஆர்கான் தீர்ந்துபோனது தெரியாமல் குடுவையைத் திறந்தார். மூடியின் விளிம்பில் சின்னச் சின்னப் பொறிகள் ஓடின. கை தானாக மூடியை அழுத்திக்கொண்டதால் பிழைத்தார். அறையில் இருந்ததோ தண்ணீர் வாளியும் கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும். மறுநாள் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, சாம்பிள் என்ன ஆயிற்று என்பது.

ஹைட்ரைடு ஆய்வு நடக்கும் ஒவ்வோர் அறையிலும் உலோகத் தீக்கான தனித் தூள் அணைப்பான், உலர்ந்த மணல், ஆக்சிஜன் அளவு குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, ஹைட்ரஜன் கசிவு உணரி ஆகியவை கட்டாயமாக வேண்டும். இரவில் தனியாக ஒருவரை விடக் கூடாது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு இந்தப் பொடியைப் பற்றித் தமிழில் பயிற்சி கொடுக்க வேண்டும். வாசலில் ஒட்டும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். அந்த அறையைக் கூட்டுபவருக்கும் அதைப் படிக்க உரிமை உண்டு.

கோரிக்கை 10. உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும்.

2023 தொடக்கத்திலிருந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. காகிதத்தில் நல்ல தொகைதான். பல மாதம் நின்று ஒரே தவணையாக வந்தால் அதற்குள் வாங்கிய கடனுக்கு வட்டி யார் கட்டுவது? வாடகையும் மெஸ் பில்லும் ஒப்புதல் கடிதத்துக்காகக் காத்திருப்பதில்லை. உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். ஆர்கான் போன்ற அன்றாடத் தேவைக்குத் துறை அளவில் சிறு நிதி ஒதுக்கி, கொள்முதல் அனுமதிக்கு வாரக்கணக்கில் நிற்கும் நிலையை ஒழிக்க வேண்டும். ஆர்கான் தீர்ந்தால் வேலை மட்டும் நிற்காது, மூன்று மாதப் பொடியும் பாழாகும்.

ஐந்தாம் பகுதி: பணமும் கணக்கும்

கோரிக்கை 11. நூற்றுக்கு இரண்டு போதாது.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் 400 கோடி. நூற்றுக்கு இரண்டு ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. அவ்வளவையும் எதில் வைப்பது என்ற கேள்விக்குப் பதில் தேடும் வேலைக்கு இந்த இரண்டு ரூபாயில் ஒரு சிறு துண்டு. ஆய்வுப் பங்கை நூற்றுக்கு ஐந்தாக உயர்த்தவும், அதில் கால்பங்கைச் சேமிப்புக்கென்று தனியே வைக்கவும் கோருகிறோம். அந்தக் கால்பங்கிலும் சரிபாதி, பொடியைத் தாண்டிக் கலன் செய்வதற்குப் போக வேண்டும்.

கோரிக்கை 12. பழைய வாக்குறுதிக்கு ஒரு வெள்ளை அறிக்கை வேண்டும்.

2006-ல் வெளியான தேசிய ஹைட்ரஜன் எரிசக்தி வழித்திட்டம், 2020-க்குள் பத்து லட்சம் ஹைட்ரஜன் வாகனங்கள், ஆயிரம் மெகாவாட் மின்னுற்பத்தி என்று இலக்கு வைத்தது. 2020 வந்து போய்விட்டது. பத்து லட்சத்தில் நம் தெருவில் எத்தனை வண்டி பார்த்தோம்? எங்கே பிசகியது, எந்தப் பொருள் கைவிட்டது, எந்தக் கணக்கு தப்பானது என்று எழுதி வைத்தால்தான் இன்றைய இலக்குகளுக்கு அது பாடமாகும். ஒவ்வோர் ஆண்டும் தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று முந்தைய ஆண்டின் இலக்கையும் அடைந்ததையும் ஒரே பக்கத்தில், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியிட வேண்டும்.

கோரிக்கை 13. ஹைட்ரைடுக் கலனுக்குத் தெளிவான விதி வேண்டும்.

உலோக ஹைட்ரைடில் ஹைட்ரஜனைச் சுமக்கும் கலனுக்கென்று ஐஎஸ்ஓ 16111 என்னும் பன்னாட்டுத் தரநிலை 2008-லேயே வந்து, 2018-ல் திருத்தமும் கண்டிருக்கிறது. அதையொட்டி நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ற இந்திய விதிமுறை வேண்டும். கோவையிலோ அம்பத்தூரிலோ கலன் செய்யும் பட்டறைக்காரர் எந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும், எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதை ஒரே ஆவணத்தில் படிக்க முடிய வேண்டும்.

எங்கள் உறுதி

கேட்பதோடு நாங்கள் நிறுத்தவில்லை. எங்கள் பக்கமும் கடமை இருக்கிறது.

வேலை செய்யாத வினையூக்கிகளின் முடிவுகளையும் வெளியிடுவோம். ஒருவர் தோற்ற பாதையில் இன்னொருவர் மூன்று ஆண்டு நடக்க வேண்டியதில்லை. எங்கள் கட்டுரைகளின் தலைப்பில் "மிக உயர்ந்த", "புரட்சிகரமான" என்ற சொற்களைப் போட மாட்டோம். சுழற்சி எண்ணிக்கையைச் சுருக்கத்திலேயே எழுதுவோம், பின்னிணைப்பில் ஒளிக்க மாட்டோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் அரசுப் பள்ளிக்குப் போய், நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு வருவோம். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம்.

வாசகருக்கு

இச்சாசனத்தில் நீங்களும் கையெழுத்திடலாம். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. "ஹைட்ரஜன் சேமிப்பில் சாதனை" என்று நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ செய்தி வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை டிகிரியில்? எத்தனை சுழற்சிக்குப் பிறகு? கலனோடு சேர்த்தா, சேர்க்காமலா? மூன்றுக்கும் பதில் வந்தால் கைதட்டுங்கள், நாங்களும் சேர்ந்து தட்டுகிறோம். வராவிட்டால் விடாமல் கேளுங்கள். பணம் உங்களுடையது.